பாக்கெட்டில் இரண்டு எடைகள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர்: இயந்திரவியல் துறை, 2010-ஆம் ஆண்டு பேட்ச்.)



செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "தம்பி, ஒரு கால் மணி நேரம் பேசணும். உங்க வேலை சம்பந்தமா ஏதாவது சொல்லுங்க. ஆனா பிள்ளைங்க தூங்கிடக் கூடாது" என்றார். வந்து பார்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் வேறு எதைப் பேசினாலும் காதில் ஏறாது. ஆகவே சாப்பாட்டைப் பற்றியே பேசிவிடுகிறேன்.

நான் பாக்கிங் மெஷின்களோடு குடித்தனம் நடத்துகிறவன். பிஸ்கட், சிப்ஸ், மிக்சர், சேமியா, ரொட்டி என்று எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிற மெஷின்களை ஆலையில் நிறுவி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டு வருவது என் வேலை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, பாக்கெட்டு மேல போட்டிருக்கிற எடை உள்ளே நிஜமாவே இருக்கா?"

நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த எடையைக் கேக்கறீங்க?"

ஏனென்றால் பாக்கெட்டில் இரண்டு எடைகள் இருக்கின்றன. ஒன்று நிகர எடை. 'நெட் வெயிட் 400 கிராம்' என்று போட்டிருக்கும். இன்னொன்று பின்பக்கம், சத்து விவரக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இருக்கும். 'சர்விங் சைஸ்' என்பார்கள். ஒரு தடவைக்குச் சாப்பிடுகிற அளவு என்று அர்த்தம். '2 துண்டு', '4 பிஸ்கட்', '30 கிராம்' என்று எழுதியிருப்பார்கள். முதல் எடைக்குச் சட்டம் உண்டு, தராசோடு வந்து நிற்கிற ஆய்வாளர் உண்டு. இரண்டாவது எடைக்கு அந்தக் காவல் கிடையாது. ஆனால் நம் உடம்புக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு போகிறது என்று நாம் கணக்குப் போடுவது இந்த இரண்டாவது எடையை நம்பித்தான். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

படியும் கொசுறும்

நம் பாட்டி காலத்தில் படியும் உழக்கும் ஆழாக்கும் இருந்தன. தலை தட்டி அளப்பவர் ஒருவர், கூம்பாகக் குவித்து அளப்பவர் இன்னொருவர். ஒரே படிதான், விழுகிற அரிசி வேறு. அளந்து முடித்த பிறகு மேலே ஒரு பிடி அள்ளிப் போட்டால் அது கொசுறு. வாங்குகிறவருக்கும் திருப்தி, விற்கிறவருக்கும் நல்ல பெயர்.

இன்றைய ஆலையிலும் கொசுறு உண்டு. அதற்கு 'கிவ் அவே' என்று பெயர் வைத்திருக்கிறோம். 100 கிராம் மிக்சர் பாக்கெட் போடும் மெஷின் ஒவ்வொரு தடவையும் சரியாக 100 கிராம் போடாது. ஒன்று 99 வரும், ஒன்று 102 வரும். மாறுபாடு என்பது இயற்கை. முதல் வருஷப் புள்ளியியல் பாடத்தில் வந்த அந்த மணி வடிவக் கோடு ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்தோமே, அதே கோடுதான். அந்த மணியின் நடுப்புள்ளியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் கம்பெனியின் லாபமும் நாணயமும் அடங்கியிருக்கின்றன.

நடுப்புள்ளியை 101 கிராமில் வைத்தால் பாக்கெட்டுக்கு சராசரி 1 கிராம் கொசுறு. நாளைக்கு ஒரு லட்சம் பாக்கெட் ஓடுகிற ஆலையில் அது 100 கிலோ மிக்சர். தினம் 100 கிலோவைச் சும்மா கொடுக்க எந்த முதலாளிக்கும் மனசு வராது. அதற்காகவே வந்ததுதான் பலதலை எடை மெஷின். 1972-இல் ஜப்பானில் இஷிடா கம்பெனி இதைக் கொண்டுவந்தது. வட்டமாக 14 வாளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாளியிலும் சுமார் கால் பங்கு சரக்கு விழும், ஒவ்வொன்றும் தனித்தனியாக எடை போடப்படும். எந்த 4 வாளிகளைச் சேர்த்தால் 100 கிராமுக்கு மிக நெருக்கமாக வரும் என்று கம்ப்யூட்டர் கண நேரத்தில் பார்க்கும். 14-இல் 4 எடுக்க 1001 வழிகள் இருக்கின்றன. அத்தனையிலும் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து, அந்த நான்கு வாளிகளை மட்டும் திறக்கும். கணக்கு வாத்தியார் 'பெர்முடேஷன் காம்பினேஷன்' நடத்தும்போது தூங்கிய நண்பர்கள் இப்போது சிப்ஸ் சாப்பிடும்போதாவது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மெஷின் நல்லதாக ஆக ஆக கொசுறு குறையும். அது திருட்டு இல்லை, திறமை. சொன்ன எடை இருக்கும் வரைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009, அதன் கீழ் பொட்டலப் பொருட்கள் விதிகள் 2011 என்று இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. நிகர எடை என்றால் உறை நீங்கலான எடை. அதில் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. 50 கிராம் வரை 9 சதவீதம். 50-லிருந்து 100 வரை 4.5 கிராம். 100-லிருந்து 200 வரை 4.5 சதவீதம். 200-லிருந்து 300 வரை 9 கிராம். 300-லிருந்து 500 வரை 3 சதவீதம். 500-லிருந்து ஒரு கிலோ வரை 15 கிராம். அதற்கு மேல் 10 கிலோ வரை 1.5 சதவீதம்.

இதைக் கேட்டவுடன், "அடேயப்பா, 100 கிராமில் நாலரை கிராம் அடிச்சுக்கலாமா?" என்று தோன்றும். அங்கேதான் ஒரு பூட்டு இருக்கிறது. மாதிரிக்கு எடுத்த பாக்கெட்டுகளின் சராசரி, சொன்ன எடைக்குக் குறையக் கூடாது. பொறுக்கக்கூடிய பிழையைத் தாண்டிய பாக்கெட்டுகள் ஒரு எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் பிழையின் இரண்டு மடங்கைத் தாண்டி ஒரே ஒரு பாக்கெட் கூட இருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்துதான் சட்டம். ஒரு பாக்கெட் 97 இருக்கலாம், ஆனால் அதற்கு ஈடாக இன்னொன்று 103 இருந்தாக வேண்டும். சலுகை மெஷினின் தடுமாற்றத்துக்குத்தான், முதலாளியின் ஆசைக்கு இல்லை.

இதற்குப் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. 2023-இல் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஒரு பிஸ்கட் வழக்கு வந்தது. உறையில் 16 பிஸ்கட் என்று போட்டிருக்கிறது, உள்ளே 15 தான் என்று ஒருவர் வழக்குப் போட்டார். நாடறிந்த பெரிய கம்பெனி அது. "நாங்கள் எடைக்கு விற்கிறோம், எண்ணிக்கைக்கு இல்லை" என்றது. சரி, எடையைப் பார்ப்போம் என்று பார்த்தால், உறையில் 76 கிராம், உள்ளே 74 கிராம். "விதிப்படி 4.5 கிராம் வரை போகலாமே" என்றது கம்பெனி. ஆணையம் ஏற்கவில்லை. ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. ஆணையம் சொன்ன காரணம், அந்தச் சலுகை சூழ்நிலையால் எடை மாறக்கூடிய பொருளுக்குத்தான், பிஸ்கட்டுக்கு இல்லை என்பது. ஒரு இஞ்சினியராக நான் பார்ப்பது வேறு: ஒரு பாக்கெட் 74 இருந்தால் மெஷினின் தடுமாற்றம் எனலாம். எடுத்துப் பார்க்கிற பாக்கெட்டெல்லாம் 74 என்றால், நடுப்புள்ளியே இடம் மாறி நிற்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் கவனியுங்கள். கிலோ பாக்கெட்டில் பொறுக்கும் பிழை 1.5 சதவீதம்தான். 25 கிராம் பாக்கெட்டில் 9 சதவீதம். சின்னப் பொட்டலத்தில் துல்லியம் கஷ்டம் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட் வாங்குகிறவர் யார்? அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சாமான் வாங்குகிறவர். சராசரி என்ற பூட்டு யாருக்காக முக்கியம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. நான் பார்த்த வரையில், ஒழுங்காக நடக்கிற ஆலையில் நிகர எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. மெஷினுக்கு அடுத்து ஒரு சோதனைத் தராசு பெல்ட்டிலேயே இருக்கும். எடை குறைந்த பாக்கெட்டைக் காற்றால் ஊதித் தள்ளிவிடும்.

இரண்டாவது எடை

இப்போது பாக்கெட்டைத் திருப்புங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, சத்து விவரம் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட வேண்டும். கூடவே, ஒரு சர்விங் சாப்பிட்டால் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். நாள் கணக்கு என்பது 2000 கிலோ கலோரி, கொழுப்பு 67 கிராம், சேர்த்த சர்க்கரை 50 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற அடிப்படையில்.

அந்த சர்விங் எவ்வளவு என்று யார் சொல்வது? அமெரிக்காவில் உணவு வகை வாரியாக, மக்கள் ஒரு தடவைக்குச் சாப்பிடும் அளவு என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2016-இல் அதைத் திருத்தினார்கள். ஐஸ்கிரீமுக்கு அரை கப் என்றிருந்ததை மூன்றில் இரண்டு கப் ஆக்கினார்கள், ஜனங்கள் அவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று. நம்மிடம் பெரும்பாலும் கம்பெனியே தீர்மானிக்கிறது.

ஒரு உதாரணத்துக்கு, 200 கிராம் மிக்சர் பாக்கெட். 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்று வைத்துக்கொள்வோம். சர்விங் 30 கிராம் என்று போட்டால் 240 மில்லிகிராம், அதாவது நாள் தேவையில் 12 சதவீதம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரிக்கெட் மேட்ச் ஓடும்போது 30 கிராமோடு கையை எடுத்த ஆள் இந்த ஹாலில் இருந்தால் எழுந்து நில்லுங்கள், மாலை போடுகிறேன். பாதிப் பாக்கெட் காலி செய்தால் 40 சதவீதம். இரத்த அழுத்தக்காரர் வீட்டில் இந்த 12-க்கும் 40-க்கும் நடுவில்தான் மாத்திரை வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

பட்டியல் இருக்கிற ஊரிலும் வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் ஒரு சர்விங்கில் சர்க்கரை அரை கிராமுக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யம் என்று போடலாம். ஒரு சின்ன வெள்ளை மிட்டாய், ஒன்றின் எடை 0.49 கிராம். சர்விங் ஒரு மிட்டாய். ஏறக்குறைய முழுக்க முழுக்க சர்க்கரையே, ஆனால் கட்டத்தில் சர்க்கரை 0 கிராம்! சட்டப்படி சரி. எண் பொய் சொல்லவில்லை, அந்த எண் உட்கார்ந்திருக்கிற எடைதான் விளையாடுகிறது.

இதிலும் நுட்பமான சங்கதி ஒன்று இருக்கிறது. '2 துண்டு, 50 கிராம்' என்று ரொட்டிப் பாக்கெட்டில் போட்டிருக்கும். நாம் எண்ணுவது துண்டை, சட்டம் எடை போடுவது பாக்கெட்டை. 400 கிராம் ரொட்டியில் துண்டுகள் 16 இருந்தால் சராசரி 25 கிராம். கத்திகளின் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்கி 13 துண்டு ஆக்கிவிட்டால், ஒரு துண்டு ஏறக்குறைய 31 கிராம். நிகர எடை அதே 400. எந்த ஆய்வாளரும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அச்சடித்த உறைச்சுருள் குடோனில் நிறையக் கிடக்கிறதே என்று பழைய உறையையே ஓட்டினால், 'இரண்டு துண்டு, 50 கிராம்' என்பது 62 கிராம் ஆகிவிடுகிறது. கட்டத்தில் உள்ள ஒவ்வொரு சத்தும் கால் பங்கு கூடிவிடுகிறது. யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் எல்லோரும் ஏமாந்துவிட்டோம்.

நாம் 'டாலரன்ஸ்' பாடத்தில் படித்தோமே, பிழையின் மேல் பிழை அடுக்கினால் என்ன ஆகும் என்று, அதேதான் இங்கேயும். அமெரிக்க விதிப்படி கலோரி, சர்க்கரை, கொழுப்பு, சோடியம் ஆகியவை லேபிளில் சொன்னதைவிட 20 சதவீதம் வரை கூடுதலாக இருக்கலாம். அதோடு துண்டின் எடையும் 20 சதவீதம் கூடினால் 1.2 பெருக்கல் 1.2, அதாவது 1.44. மோசமான நிலையில் நாம் 100 என்று நினைத்துச் சாப்பிடுவது 144.

யாருக்கு நஷ்டம்?

"நல்லதுதானே, துண்டு பெருசா இருந்தா நமக்குத்தானே லாபம்?" என்று கேட்கலாம். வயிற்றுக்கு லாபம். ஆனால் எண்ணிச் சாப்பிடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள்.

என்னோடு வேலை செய்யும் ஒரு நண்பருக்கு எட்டு வயதுப் பெண் குழந்தை. முதல் வகைச் சர்க்கரை நோய். சாப்பாட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு வேளையும் இன்சுலின் ஊசி. ரொட்டியில் பாதி எடை மாவுச்சத்து என்று வையுங்கள். 25 கிராம் துண்டு நான்கு என்றால் 50 கிராம் மாவுச்சத்து. அதுவே 31 கிராம் துண்டு என்றால் 62 கிராம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு துண்டு ரொட்டி. ஊசி 50-க்கு, சாப்பாடு 62-க்கு. இது மறுபக்கமும் நடக்கும். துண்டு மெலிந்து, போட்ட ஊசி அதிகமாகிவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். அது இன்னும் ஆபத்து. அந்த வீட்டில் அடுப்பங்கரையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் தராசு இருக்கிறது. அந்தக் குழந்தையே ரொட்டியை வைத்து எண்ணைப் படித்துச் சொல்லும். நண்பர் என்னிடம் கேட்டார்: "நீங்கதானே மெஷின் வைக்கிறீங்க, ஒரு துண்டு எவ்வளவுன்னு சரியா எழுதக் கூடாதா?"

அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தலைப்பைப் பேச வைத்தது.

என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில் செய்யக்கூடியது. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது சரியா என்று பார்க்க, தெரிந்த மளிகைக் கடையில் முத்திரை போட்ட 200 கிராம் எடைக்கல்லை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். பாக்கெட்டை முழுதாக எடை போடுங்கள், பிறகு காலி உறையை எடை போட்டுக் கழியுங்கள். அது நிகர எடை. ஒரு பிஸ்கட்டைத் தனியாக எடை போடாதீர்கள், சின்ன எடையில் இந்தத் தராசு தடுமாறும். பத்து பிஸ்கட்டைச் சேர்த்துப் போட்டு வகுத்துக்கொள்ளுங்கள். ரொட்டியில் ஓரத்துத் துண்டும் நடுத்துண்டும் ஒன்றாக இருக்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, சர்விங் பத்தியை விட்டுவிட்டு 100 கிராம் பத்தியைப் படியுங்கள். இரண்டு கம்பெனிப் பொருளை ஒப்பிட அது ஒன்றுதான் நேர்மையான வழி. எவ்வளவு சாப்பிட்டோம் என்பதை உங்கள் தராசு சொல்லட்டும். ஒரு எச்சரிக்கை: சேமியா, ஓட்ஸ், நூடுல்ஸ் போன்றவற்றில் 100 கிராம் என்பது பொதுவாக வேகாத எடை. வெந்த பிறகு தண்ணீர் குடித்துப் பல மடங்கு ஆகிவிடும். வேக வைப்பதற்கு முன்பே எடை போடுங்கள்.

மூன்றாவது, நிகர எடையே குறைகிறது என்று சந்தேகம் வந்தால் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்த பாக்கெட் சாட்சி சொல்லாது. பில்லோடும், அதே பேட்ச் எண்ணுள்ள இன்னும் இரண்டு மூடிய பாக்கெட்டோடும் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, என் தம்பி தங்கைகளுக்கு. உங்களில் பத்துப் பேராவது ஏதோ ஒரு ஆலையில், ஏதோ ஒரு மெஷினின் நடுப்புள்ளியைத் தீர்மானிக்கிற இடத்தில் போய் உட்காரப் போகிறீர்கள். மேனேஜர் வந்து, "அரை கிராம் இறக்குப்பா, யாருக்குத் தெரியப் போகுது" என்பார். அந்த அரை கிராமை ஆய்வாளர் ஒருவேளை கண்டுபிடிப்பார். ஆனால் கத்தி இடைவெளியை மாற்றிவிட்டு உறையில் துண்டின் எடையை மாற்றாமல் விட்டால், அதைக் கண்டுபிடிக்க யாரும் வர மாட்டார்கள். அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு லேபிள் போடுகிற பிரிவுக்கு நடந்து போய், "சார், துண்டு எடை மாறிடுச்சு, உறையை மாத்துங்க" என்று சொல்லுங்கள். பழைய சுருள் வீணாகுமே என்பார்கள். ஆகட்டும். துண்டை எண்ணி ஊசி போடுகிற வீடுகள் இருக்கின்றன என்று சொல்லுங்கள்.

இந்தக் கல்லூரி எனக்கு வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, அளந்ததை மட்டும் எழுது என்று சொல்லிக்கொடுத்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை.

சமையல்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வருகிறது. அங்கே சர்விங் சைஸ் கிடையாது, கேட்டால் கேட்ட அளவு போடுவார்கள். போய்ச் சாப்பிடுங்கள்.